சுவரோரத்துச் சாக்பீஸ் வட்டங்கள்

தெருவோரக் களைக்கு மருந்தடிப்பது என் வேலை. பத்தொன்பது வருஷம். கூட வேலை செய்பவர்கள் என்னை 'மருந்து' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போன தெருவில் ஒரு புல் தலை நீட்டாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். இப்போது அந்தப் பேரைக் கேட்டாலே கூசுகிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். மேஸ்திரி முதல் நாளே போய், கொல்ல வேண்டிய செடியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். மறுநாள் வட்டத்தைக் கண்டால் அடிப்பேன். அவ்வளவுதான். என்ன செடி, ஏது செடி என்று எவன் பார்த்தான்?

என் மகள் கல்லூரியில் தாவரவியல் கடைசி வருஷம்.

"அப்பா, ஒரே ஒரு பழைய சுவர். அதுல தானா முளைச்சதே முப்பத்தேழு வகை! பூங்கா மொத்தத்துலயும் பதினொண்ணுதான். மூக்குத்திப்பூவுக்கு மட்டும் நாலு விதத் தேனீ வருதுப்பா" என்பாள்.

"களைக்கு ஒரு காலேஜா? நான் வீட்டுலயே சொல்லித் தந்திருப்பேனே!" என்று சிரிப்பேன். எந்தச் சுவர் என்று ஒரு நாளாவது கேட்டேனா? மண்டு, கேட்கவில்லை.

போன வாரம் இன்னொருத்தர் லீவில் போனதால் கிடங்குத் தெருவுக்கு என்னை அனுப்பினார்கள். சுவர் நெடுக வட்டங்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ. மேஸ்திரிக்கு என்ன திடீர் அக்கறை என்று நினைத்தபடி ஒன்று விடாமல் அடித்தேன்.

நாலாம் நாள் மகள் உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாம் கருகிப்போச்சுப்பா. திங்கக்கிழமை அந்தச் சுவரப் பாத்து மார்க் போட வெளியிலேர்ந்து ஆள் வராங்க. அவங்களுக்காகத்தான் வட்டம் போட்டு வச்சேன். ஒரு வருஷ வேலை. எந்தப் பாவி பண்ணானோ!"

"அவன் கை விளங்காமப் போக!" என்றாள் என் மனைவி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

தட்டைத் தள்ளி வைத்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

"நான்தாம்மா அது" என்றேன். "வட்டத்தப் பாத்து, மேஸ்திரி போட்டதுன்னு..."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பக்கத்துல ஒவ்வொண்ணோட பேரும் எழுதியிருந்தேனே. பாக்கலையா?"

"பாத்தேன். மேஸ்திரி எழுத்துன்னு நெனச்சுட்டேம்மா."

"அது என் கையெழுத்துப்பா."

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுத் தந்தவன் நான். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.