கடைசித் தேதிப் பேப்பர்

கப்பலில் வந்த செய்தியையே நான் சுலபத்தில் நம்புவதில்லை. வாயால் வந்த செய்தியை அறவே நம்புவதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், போர்ட் பிளேரில், புது மெஷின்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே வழி மெட்ராஸ் பேப்பர். கப்பல் வந்தால் பதினைந்து இருபது நாள் பேப்பர் ஒரே கட்டாக வரும். மற்றவர்கள் கடைசித் தேதியைத்தான் முதலில் உருவுவார்கள். நான் தேதி வரிசையாக அடுக்கி, டிரங்குப் பெட்டியில் பூட்டி, காலைக்கு ஒன்றாகப் பிரிப்பேன். மெயின்லேண்டில் அப்படித்தானே படிக்கிறார்கள்?

மரம் அறுக்கும் மில்லில் எனக்கு வேலை. ரம்பச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. மற்றதும் போவதற்குள் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்று தவித்தேன். போர்ட் பிளேரில் நாங்கள் குடியிருந்த டாலிகஞ்சில் எதிர்வீட்டுக் குமாஸ்தாவுக்கு இது தெரியும். ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றார்.

“வால்வே இல்லாத ரேடியோ வந்திருச்சு அண்ணே. சட்டைப் பையில போட்டுக்கலாமாம். அதை ரிப்பேர் பண்ண மெட்ராஸ்ல டிரெய்னிங் குடுக்கறாங்க. எங்க ஆபீஸ் பேப்பர்ல பார்த்தேன்.”

“வால்வு இல்லாம ரேடியோவா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“உங்க கட்டுல கடைசிப் பேப்பரைப் பிரிச்சுப் பாருங்க. பேப்பர் கொண்டுவந்த ஜஹாஜ் புதன்கிழமை மெட்ராசுக்குத் திரும்புது. மனு அதுல போனாத்தான் உண்டு.”

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? போன மாதம் இவர் இரவல் வாங்கிய பேப்பர் ஒரு பக்கம் குறைந்துதான் திரும்பி வந்தது. இப்போது புதுப் பேப்பர் மேல் கண் என்று முடிவுகட்டினேன். ஆபீசில் படித்தவருக்கு என் பேப்பர் எதற்கு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

“ஒரு தடவை பார்த்தா தேஞ்சா போயிடும்?” என்றாள் மனைவி. நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

புதன்கிழமை கப்பல் சாத்தம் துறையைவிட்டுப் போயிற்று.

பத்து நாள் கழித்து அந்தக் கடைசித் தேதியின் முறை வந்தது. உள்ளங்கையில் ஒரு ரேடியோ இருக்கும் படம். அதன் கீழே டிரெய்னிங் விளம்பரம். மனு போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் முந்தாநாளோடு முடிந்திருந்தது. திட்டுவதற்கு என்னைத் தவிர ஆளில்லை.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்லை.”

மில்லுக்குக் கிளம்பினேன். வேலியோரம் குமாஸ்தா நின்றிருந்தார்.

“மனு போட்டீங்களா அண்ணே?”

என் இடது பக்கம்தான் நின்றிருந்தார். நன்றாகவே கேட்டது. கேட்காதவன் மாதிரி நடந்துவிட்டேன்.