துரைராஜ் சாரின் இரண்டு நிமிடம்

எங்கள் டிரில் மாஸ்டர் துரைராஜ் சார் எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன நண்பர் யேசுதாசன் திரும்பி வரவில்லை. அந்த நண்பருக்காக வருஷத்துக்கு இரண்டு நிமிட மௌனம். தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திடம் சார் கேட்டது அது ஒன்றுதான்.

ஹெட்மாஸ்டர் சிக்கனக்காரர். ஒரே பந்தல், ஒரே மைக் என்று வீரர் நினைவு நாளையும், மார்க்கில் முன்னேறியவர்களுக்கான பரிசளிப்பையும் ஒன்றாக்கிவிட்டார். பேச்சு நடுவே அவர் கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் கை தட்ட வேண்டும். ஆரம்பித்து வைப்பது என் பொறுப்பு. "இப்போது மௌன அஞ்சலி" என்பதையும் கண்ணாடியைக் கழற்றித்தான் சொல்வார். ஆகவே வருஷா வருஷம் மௌனத்துக்குப் பலத்த கரகோஷம். துரைராஜ் சார் அட்டென்ஷனில் நின்றபடி கண்ணை மூடிக்கொள்வார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், கணக்கில் ஏழு மார்க்கிலிருந்து பதினொன்றுக்கு முன்னேறியதற்காக எனக்கும் ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். பிறகு மௌன அஞ்சலிக்காகக் கண்ணாடி கழன்றது. மொத்தப் பள்ளியும் என் கையைப் பார்த்தது. நான் டப்பாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒருத்தனும் தட்டவில்லை. பதறிய ஹெட்மாஸ்டர் தாமே இரண்டு தட்டு தட்டிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் இரண்டு நிமிடம், யேசுதாசனோடு பேசுவதுபோல் சாரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

விழா முடிந்ததும் சார் என் காதைப் பிடித்தார்.

"இன்னாடா, கைக்கு இன்னா ஆச்சு?"

"டப்பா கனமா இருந்துது சார்."

"காலி டப்பாடா அது."

காதை விட்டார். "அடுத்த வருஷமும் முன்னேறு. பெரிய டப்பாவா குடுக்கச் சொல்றேன்."