வெறும் மணவறை

பள்ளிமுனையில் நான் கணினி வேலை பார்த்த கடைக்கு, வெள்ளாங்குளத்தில் மீளக் குடியேறிய ஒருவர் ஒரு டிவிடியைக் கொண்டுவந்தார். மகள் பெரியவளானபோது எடுத்த சாமத்தியச் சடங்குப் படம். மகள் யுத்தத்தில் இறந்துவிட்டாள். மிஞ்சியது கீறல் விழுந்த அந்த டிஸ்க் ஒன்றுதான். மெலிந்த, உயரமான மனிதர். டிஸ்க் ஓடும்போதெல்லாம், காய்ச்சல் பார்ப்பதுபோல் கணினிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார்.

படம் பெரியது, எங்களிடம் இருந்த வெற்று டிஸ்க்கில் அடங்காது. சுருக்கினால் முகங்கள் மங்கும். அதனால் வெட்டக்கூடிய பகுதியைத் தேடினேன். எல்லோரும் சாப்பிடப் போனபின் கமராவை நிறுத்த மறந்திருந்தார்கள். மகள் அமர்ந்திருந்த அலங்கார மேடையான மணவறை மட்டும் நெடுநேரம் வெறுமையாகத் தெரிந்தது.

“ஐயா, இதில ஒருத்தரும் இல்லை. வெட்டினா மகளின்ர முகம் வடிவா வரும்.”

“வெட்டாதேங்கோ பிள்ளை. அவ சாப்பிடப் போகேல்லை. அதிலதான் இருந்தவ.”

வெட்டாமல் முழுப் படத்தையும் சுருக்கத் தொடங்கினேன். அசையாத காட்சி, சுருக்கும்போது மிகக் குறைந்த இடமே எடுக்கும்; அசைவு கூடினால்தான் இடமும் கூடும். ஆனால் வேலை முடிந்தபோது, ஆட்கள் நிறைந்த பகுதிகளைவிட அந்த வெறும் மணவறைதான் அதிக இடம் எடுத்திருந்தது. மங்கலான வெளிச்சமா, கமராவின் நடுக்கமா, மென்பொருளின் பிழையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்தப் பகுதி இடத்தைப் பிடித்ததால் மகளின் முகம் சற்று மங்கிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

“ஓம் பிள்ளை,” என்றார், கையை எடுக்காமலே. “அவ ஓரிடத்தில சும்மா இருக்க மாட்டா.”

வாடிக்கையாளர் போனதும் கணினியில் உள்ள பிரதியை அழிப்பது என் வழக்கம். அவருடையதை இன்னும் அழிக்கவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை.