நல்லது தொட்டது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட், உச்சிவெயில். குருவிகுளம் பஸ்ஸிலிருந்து ஒருவர் மயங்கிய மனைவியைத் தோளில் சுமந்து இறங்குகிறார். "என்னங்க ஆச்சு?" என்கிறேன்.

"நல்லது தொட்டுட்டு அண்ணாச்சி. பருத்திக்காட்டுல."

சென்னைக்காரனான எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. நாங்கள் பாராட்டாகச் சொல்லும் சொல் அது. இங்கே நல்ல பாம்பின் பெயரைச் சொல்லப் பயந்து 'நல்லது' என்கிறார்கள். கடித்தது என்றும் சொல்வதில்லை.

இருவருமாகத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். டாக்டர் அவள் இமையை விலக்கிப் பார்க்கிறார். "வழியிலேயே உயிர் போயிட்டுய்யா."

கணவர் அழவில்லை. குனிந்து, மனைவியின் காலில் தான் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கிறார். முடிச்சு இறுகிக் கிடக்கிறது.

"பஸ்ஸுல வலிக்கு வலிக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தா அண்ணாச்சி. நான் அவுக்கல."