லோர்னா ஃப்ரீசனின் ஐம்பத்தேழு

வின்னிபெக்கில் எங்கள் நரம்புப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, லோர்னா ஃப்ரீசனிடம் திட்டு வாங்காமல் போன நோயாளி கிடையாது. வரவேற்பு மேசையிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பனியில் வந்தவர் கையைத் தொட்டுப் பார்ப்பாள், உடனே வெந்நீர்த் தொட்டியைக் காட்டுவாள்.

"என்ன கை இது, ஐஸ் பெட்டி மீனாட்டம்? குளிர்ந்த நரம்பு பொய் சொல்லும். போய் முக்குங்க!"

நரம்பிழையைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை. அது நன்றாயிருந்தால் சமிக்ஞை தாவித் தாவி ஓடும், தேய்ந்தால் தவழும். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, திங்கட்கிழமைதோறும் லோர்னா தன் கையிலேயே மின்சாரம் வைத்துக்கொள்வாள். சமிக்ஞை ஓடும் வேகம், நொடிக்கு ஐம்பத்தேழு மீட்டர். அந்த எண்ணில் அவளுக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, லோர்னாவின் கார் கிளம்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு பேட்டரியோடு மல்லுக்கட்டி, தாமதமாக ஓடிவந்தாள். வந்த வேகத்தில் பரிசோதனை. நாற்பத்துமூன்று. மறுபடி வைத்தாள். அதே நாற்பத்துமூன்று.

வெளுத்த முகத்தில் கண்ணீரோடு என் மேசைக்கு வந்தாள்.

"சனிக்கிழமை கர்லிங் இறுதியாட்டத்துல என் இடத்த நீ எடுத்துக்கோ."

"நானா? எனக்குப் பனிக்கட்டி மேல நிக்கவே வராதே!"

"என் மயலின் போச்சுடி. இனி துடைப்பத்தக்கூடப் பிடிக்க முடியாது."

பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிட்டு, அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து ஆடும் கர்லிங்கில், அவள் அணி பதினொரு வருஷம் காத்திருந்து எட்டிய இறுதியாட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

மேசைக்கு எதிரே இருந்த வெந்நீர்த் தொட்டியில் கைகளை முக்கியபடி உட்கார்ந்திருந்தார் வாசில் ஹ்ரின்சுக். கோதுமை விவசாயி, அவளிடம் மூன்று முறை திட்டு வாங்கியவர். மனசு கேட்காமல் எழுந்து வந்து, ஈரக் கையால் அவள் கையைப் பிடித்தார்.

"அழாதம்மா..." என்றவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "அட! என்ன கை இது, ஐஸ் பெட்டி மீனாட்டம்?"

வாசில் தொட்டியைக் காட்டினார். இந்த நாளுக்காகவே பிறந்தவர்போல் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"போய் முக்கு!"

முக்கினாள். கால் மணி நேரம் போனது. பிறகு கருவியில் கையை வைத்தாள்.

ஐம்பத்தேழு.

நான் அழுதேவிட்டேன். லோர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசில் பக்கம் திரும்பினாள்.

"உங்கள யாரு கையை வெளிய எடுக்கச் சொன்னது? திரும்ப முக்குங்க!"