அக்காவின் வீடும் என் குரவையும்

அக்காவின் வீட்டுச் சுவரில் பலகை பதிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

நகரத்தின் பழைய கட்டடங்களைக் கொண்டாடும் வாரம் அது. புளியந்தீவில் ஐந்தாறு வீடுகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் வாசலிலும் ‘மரபு வீடு’ என்று பலகை திறந்து, முற்றத்தில் கூத்தோ வசந்தன் ஆட்டமோ நடத்த ஏற்பாடு. தெரிந்தெடுத்ததில் அக்காவின் வீடும் ஒன்று. முழங்கை நீளத் தடிப்பில் சுண்ணாம்புச் சுவர், அரைவட்டப் பீலி ஓடு, யன்னலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி. நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்தால் தாய் இருந்த வீடு அவளுக்கு. தாய் தகப்பன் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீடு கட்டிப் போவார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் கலியாணம். எனக்கு அப்போது ஒன்பது. அம்மா, அப்பா, நான் மூவரும் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் அப்பா கட்டிய சீமெந்து வீட்டுக்குப் போனோம். பிறகு அதுவே எனக்குச் சீதனமாயிற்று. நல்ல வீடு, ஒழுகாது. ஆனால் அதைப் படம்பிடிக்க ஒரு குழுவும் வராது.

அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும் ஏதாவது குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் வருவேன். சுவரில் ஈரம் கசிகிறது, ஓட்டுக்குள் வௌவால் நாற்றம், கூடம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்றெல்லாம் சொல்வேன். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்” என்று என் கணவர் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். கூடம் நேராகத்தான் இருந்தது என்பது எனக்கும் தெரியும்.

கொண்டாட்டத்துக்கு நாலு நாளைக்கு முன்னர் அக்கா ஆட்டோ பிடித்து வந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு. கூடப்பிறந்தவளுக்கு வெற்றிலை வைத்துச் சொல்வதென்றால் காரியம் பெரியது.

“ஞாயித்துக்கிழம காலம வந்திரு கா. பலகை துறக்கக்குள்ள நீதான் குரவ போடோணும்” என்றாள். எங்கள் பக்கத்தில் இளையவளையும் ‘கா’ போட்டுத்தான் அழைப்போம்.

எங்கள் ஊரில் நல்ல காரியம் எதுவும் குரவை இல்லாமல் நடவாது. நாக்கை ஆட்டிப் பெண்கள் எழுப்பும் அந்த ஒலி தெருக்கோடிவரை கேட்கவேண்டும். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தொடங்குவாள், மற்றவர்கள் பின்னால் சேர்வார்கள். அவள் தொடங்குமுன் அயல்பெண்கள் வாய் திறப்பது மரியாதையில்லை. அக்காவுக்குக் குரவை வராது. எங்கள் குடும்பத்தில் அம்மாதான் தொடங்குவாள். அம்மா கண்மூடியபிறகு நான்.

“ஓம், வாறன்” என்றேன். தட்டை வாங்கும்போதே தீர்மானித்துவிட்டேன். போவேன், நல்ல சேலை உடுத்துப் போவேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன். வீடு அவளுடையது, பலகை அவளுடையது. சத்தம் என்னுடையது. அவளுடைய பெரிய நாள் ஊமையாகப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைய ஆட்கள். கூத்துக்காரர்கள் சதங்கை கட்டி விறாந்தை ஓரமாய் நின்றார்கள். அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில், வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியைக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மத்தளம் நின்றது. பலகை திறக்க வந்திருந்த அதிகாரி அம்மா அதை மூடியிருந்த துணியை இழுத்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யன்னலைப் பார்த்தேன்.

அக்கா மெதுவாய்க் கையசைத்தாள். நான் அசையவில்லை. அயல்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி அம்மா கையில் துணியோடு நின்றார்.

அப்போது அக்கா தானே வாயைத் திறந்தாள். வந்தது குரவை இல்லை, கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தம். பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, இன்னொரு தடவை முயன்றாள். அதுவும் உடைந்தது.

நான் நினைத்துச் செய்யவில்லை. என் நாக்கு தானாக ஆடிக் குரவை போட்டது. அதற்காகவே காத்திருந்த பெண்களெல்லாம் சேர்ந்தார்கள். மத்தளம் எழும்பிற்று, கூத்துக்காரர்கள் முற்றத்தில் இறங்கினார்கள்.

கூத்து நடந்துகொண்டிருக்கும்போது அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“வேணுமெண்டுதானே வாய மூடிக்கிட்டு நிண்ட நீ?”

“ஓம்” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நான் கலியாணம் முடிச்ச அடுத்த கிழமையே அம்மா உன்னக் கூட்டிக்கிட்டு பாலத்துக்கு அங்கால போயிட்டா. குமரா இருக்கக்குள்ள வெக்கத்துல பழகல்ல. அதுக்குப் பொறகு எனக்கு இத ஆரு கா சொல்லித் தந்த? ஒவ்வொரு கலியாண வீட்டுலயும் நீ அம்மாட குரல்ல குரவ போடக்குள்ள எனக்கு வயித்தப் பத்தும். உனக்கு அது தெரியுமா?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் எரிவது என் வயிறு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அக்கா குரல் இறங்கிக் கேட்டாள். “எனக்கும் சொல்லித் தாவன் கா. கஷ்டமா?”

“கஷ்டமில்ல. வந்து சொல்லித் தாறன்.”

உண்மையிலேயே கஷ்டமில்லை. மூச்சை அடிவயிற்றில் பிடித்து, நாக்கை மேலண்ணத்தில் முட்டாமல் ஆட்டவேண்டும். இரண்டு பின்னேரம் போதும்.

அதன்பிறகு மூன்று தடவை அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மீன் கொண்டுபோனேன், தேத்தண்ணி குடித்தேன், பலகையில் படிந்த தூசியைக்கூடத் துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா கதிரையை இழுத்து என் முன்னால் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்காருவாள். நான் வேறு கதை கதைத்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன். வீடு அவளிடம் இருக்கிறது. இதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று அம்மாவில் என்ன மிஞ்சும்?