ஈஸ்வரமூர்த்தியின் காது

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான். இடம், பெருமாநல்லூர் தாண்டி உள்ளே போகும் ஒரு தெரு. நடுச்சாமம் அல்ல, பட்டப்பகல். மணி மூன்று ஐந்து. போன தீபாவளி லீவில் நடந்தது. பார்த்தவள் தேஜஸ்ரீ. இயற்பியல் படித்தவள். யாராவது பேய், பிசாசு என்று பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள்.

அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தி வீடு கட்டிக் கொடுப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தொரு வீடுகள் அவர் கட்டியவை. மீதி நேரமெல்லாம் கார்தான். ஓடாமல் கிடக்கும் பழைய காரை வாங்கி, கழற்றி, மாட்டி, ஓட வைப்பார். கடைசியாக மிஞ்சியது போர்டிகோவில் நிற்கும் வெள்ளை காண்டஸா. இரண்டு வேலைக்கும் அவர் கையில் ஒரே பொருள், மரப்பிடி போட்ட, முழங்கை நீள ஸ்க்ரூ டிரைவர். நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். எது கெட்டிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். தூணிலும் அப்படித்தான். டொக் டொக் என்று தட்டுவார், நுனியை வைப்பார், கேட்பார். உள்ளே பொக்காக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். “ம்ம்…” என்று ஓர் இழுப்பு மட்டும் வரும். அதைக் கேட்டதும் மேஸ்திரி ராக்கையாவின் முகம் வெளுத்துவிடும். மறுநாள் அந்த இடத்தை இடித்தாக வேண்டும்.

தேஜஸ்ரீ சின்னவளாக இருந்தபோது அவள் நெஞ்சிலும் வைத்துக் கேட்பார்.

“கண்ணு பெட்ரோல் வண்டி. உங்கம்மா டீசல்.”

“ஆமாங்க. இந்த ஊட்டுல லோடு இழுக்கறது நாந்தானுங்களே,” என்பாள் அம்மா கலைமகள்.

ஆடி மாதம் அவர் போய்விட்டார். வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

வீட்டை ஒட்டி ஒரு நிட்டிங் கம்பெனி இருந்தது. இரவும் பகலும் மிஷின் இரைச்சல். கையிலிருந்து குடம் நழுவி விழுந்தால்கூடக் கேட்காது. தீபாவளிக்குத்தான் எல்லாம் நிற்கும். வேலையாட்கள் தெற்கே சொந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள். தெருவே காலியாகிவிடும். துக்க வீடு என்பதால் இவர்களுக்குப் பண்டிகை இல்லை. அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

சனிக்கிழமை, 3:05. அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள்.

டொக்… டொக்…

போர்டிகோ தூண். தேஜஸ்ரீ வெளியே வந்து பார்த்தாள். யாரும் இல்லை. போகிற போக்கில் காண்டஸாவின் பானெட்டில் கை வைத்தாள். சுட்டது. மூன்று மாதமாக நிழலில் நின்ற வண்டி.

ஞாயிறு, 3:05. ஹால் தூண். இரண்டு தட்டு. பிறகு ஓர் இடைவெளி. எண்ணினாள். பதினொரு நொடி. யாரோ காதை வைத்துக் கேட்பதற்குப் போதுமான நேரம்.

திங்கள். தூரத்தில் பட்டாசு. 3:05. இந்த முறை அம்மா படுத்திருக்கும் அறையின் சுவர். ஓடிப்போய்ப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் தொங்கும் ஆணி காலியாக இருந்தது. அது அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சாயங்காலம் அம்மாவுக்குத் தலை பின்னிவிடும்போது கண்ணில் பட்டது. அம்மாவின் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, ரவிக்கை விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. அரை அங்குலம்.

“என்னங்கம்மா இது?”

“கொசுவா இருக்கும், சாமி.”

“கொசு கோடு போடுமா?”

“போ கண்ணு. படிச்சவ கேக்கற கேள்வியப் பாரு.”

தேஜஸ்ரீ ஸ்க்ரூ டிரைவரை காண்டஸாவின் டிக்கியில் வைத்துப் பூட்டினாள்.

செவ்வாய், 3:04. அறை வாசலில் நின்றாள். டிக்கி சாவி கைக்குள் இருந்தது. அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கினாள்.

3:05.

தட்டும் சத்தம் இல்லை.

அம்மாவின் முதுகில் சேலை குழிந்தது. ஒரே ஓர் இடத்தில். எதையோ வைத்து மெல்ல அழுத்துவதுபோல…

கத்த நினைத்தாள். வாய் எண்ணத்தான் செய்தது.



ஒன்பது… பத்து… பதினொன்று…

“ம்ம்…”

அப்பாவின் குரல்.

அன்றே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “இருமல் இல்ல, காச்சல் இல்ல. எதுக்கு கண்ணு?” என்று அம்மா வழியெல்லாம் கேட்டாள். பெரிய டாக்டர் லீவு. ஸ்கேன் சென்டர் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த ஒரே கிளினிக்கில் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல், லீவுக்குச் சொந்த ஊர் போயிருந்த ராக்கையாவுக்கு போன் செய்தாள்.

“தூணத் தட்டுனா தட்டட்டும் பாப்பா. அய்யா ‘ம்ம்’னாகளா?”

“ஆமாங்க.”



“நான் இப்பவே பொறப்பட்டு வாரேன்,” என்றார். வந்தார். அவரும் வாசலில் நிற்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

அடுத்த திங்கள் மிஷின்கள் ஓடத் தொடங்கின. இனி எதுவும் கேட்காது. அருகில் வைத்தால் பதியுமா என்று, அன்று மதியம் பழைய போனில் ரெக்கார்டிங் போட்டு அம்மாவின் அறையில் வைத்துவிட்டு, ஸ்கேனுக்கு நேரம் வாங்கப் போனாள். திரும்பி வந்து கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தாள். வெறும் இரைச்சல். அணைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஸ்கேன். வலது நுரையீரலின் பின்பக்கம் கட்டி. அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே. “இவ்வளவு முத்தியிருக்கு, ஒரு இருமல்கூட இல்லையா?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார்.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள். ஊசி, மருந்து, மறுபடி ஊசி. எதுவும் கேட்கவில்லை. மார்கழி கடைசியில், பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு தேஜஸ்ரீ அந்தப் பழைய போனை எடுத்தாள். அம்மாவின் குறட்டையாவது, ஒரு பெருமூச்சாவது அதில் இருக்காதா என்றுதான். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்த ரெக்கார்டிங். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் வரை இரைச்சல்.

அங்கே, கரண்ட் போயிருக்கிறது.

மிஷின்கள் நின்றன. கம்பெனி ஜெனரேட்டர் ஓட ஐம்பது நொடி.

அந்த ஐம்பது நொடியில் அம்மாவின் குரல். தூக்கக் கலக்கம் இல்லை. தெளிவாக, மெதுவாக…

“பொங்கல் வரைக்குமாச்சும் தாங்குமுங்களா?”

எதுவும் கேட்கவில்லை.

“சரிங்க.”

பிறகு, இன்னும் மெதுவாக…

“கண்ணுகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.”